போலோவை 40 மி.மீ. இறக்க நினைக்கிறேன்: ஸ்பிரிங் மட்டும் போதுமா, ஷாக்கும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

கோவை_ஜிடி
வணக்கம் நண்பர்களே. என்னிடம் 2016 போக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் இருக்கிறது, 84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் பீளமேட்டிலிருந்து சூலூர் போய் வருகிறேன், மாதம் ஒரு தடவை வால்பாறையோ ஊட்டியோ. வண்டி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளி கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது, வளைவில் வண்டி சாய்வதும் அதிகமாகத் தெரிகிறது. அதனால் 40 மி.மீ. இறக்கலாம் என்று இருக்கிறேன். லோயரிங் ஸ்பிரிங் மட்டும் வாங்கி, இப்போதிருக்கும் ஷாக்கிலேயே (ஷாக் அப்சார்பர்) மாட்டினால் செலவு பாதியாகக் குறையும். ஒரு பட்டறையில் கேட்டால் "இருக்கிற ஸ்பிரிங்கையே ஒன்றரைச் சுற்று வெட்டிவிடலாம், எதற்கு வீண் செலவு" என்கிறார்கள். காயிலோவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும் செட்) போட்டால் வேண்டிய உயரத்துக்குத் திருகிக்கொள்ளலாம் என்ற ஆசையும் இருக்கிறது. மொத்தம் 80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேலம்_ஸ்விஃப்ட்
வெட்டுவதை மட்டும் யோசிக்கவே வேண்டாம் ப்ரோ. என் பழைய ஸ்விஃப்டில் நான் அதைத்தான் செய்தேன். பின்பக்கம் உங்கள் போலோ மாதிரியேதான், ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஸ்பிரிங், இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் பீமுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதை நகராமல் வைத்திருப்பது வண்டியின் எடைதான். வெட்டிய பிறகு நீளம் குறைந்துவிட்டதால், வேகத்தடை தாண்டிச் சக்கரம் கீழே தொங்கும் அந்தக் கணத்தில் ஸ்பிரிங் லூசாகிவிடும், மறுபடி எடை விழும்போது 'டங்' என்று ஒரு சத்தம். இரண்டு மாதம் அந்தச் சத்தத்தோடுதான் ஓட்டினேன். ஓமலூர் பக்கம் ஒரு நாள் ஸ்பிரிங் சீட்டை விட்டே விலகி, வண்டி பின் இடது பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. மனைவியும் மகளும் உள்ளே இருந்தார்கள். நல்ல வேளை, வேகம் 30 கூட இல்லை. கழற்றிப் பார்த்தபோது, வெட்டிய முனை சீட்டின் பள்ளத்தில் பொருந்தாமல் ரப்பரைக் கிழித்திருந்தது. கியாஸ் வைத்து வெட்டியிருந்ததால் அந்த இடத்தில் கம்பியின் பதமும் போய்விட்டது. அன்றைக்கு விட்டதுதான், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

பட்டறை_20வருஷம்
தம்பி, சேலத்துக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு. வெட்டினால் வண்டி இறங்கும், ஸ்பிரிங்கும் கொஞ்சம் கடினமாகும், ஏனென்றால் சுற்று குறைந்தால் கடினம் கூடும். ஆனால் எவ்வளவு கூடியது, நான்கு மூலையிலும் ஒரே அளவா என்பது வெட்டியவருக்கே தெரியாது.

அடுத்தது உங்கள் ஷாக். இந்த ரோட்டில் 84,000 கி.மீ. ஓடிய ஷாக் என்றால் அதில் பாதி உயிர் இருந்தாலே பெரிய விஷயம். அதன் மேல் கடினமான புது ஸ்பிரிங்கை மாட்டினால் ஒரு வாரத்துக்கு நன்றாக இருக்கிற மாதிரி தெரியும், அப்புறம் நெடுஞ்சாலையில் ஒரு மேடு ஏறி இறங்கினால் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கும். ஸ்பிரிங் அமுங்கிச் சேர்த்து வைத்த சக்தியைத் திரும்ப எழும்போது அடக்குவது ஷாக்தான். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது என்பது பலமான மாட்டைப் பிடித்து வந்து பழைய கயிற்றில் கட்டுகிற மாதிரி.

என்னிடம் லோயரிங் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "எத்தனை மி.மீ." என்றல்ல, "எந்த ஷாக்" என்றுதான். அதை முடிவு செய்தால் உயரம் தானாக முடிவாகும்.

கணக்கு_நோட்டு
40 மி.மீ. என்பதை எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு வண்டிக்குப் பொருந்துகிற முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். முன் சக்கரம் ஒன்றின் மேல் 300 கிலோ. ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க 20 நியூட்டன் வேண்டும். வண்டி நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் அமுங்கும் கடைசி எல்லையில் இருக்கும் தடுப்பு) தொடும்வரை 70 மி.மீ. இடம்.

பள்ளத்தில் விழும்போது அந்த 70 மி.மீ.க்குள் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் சக்தி, அரைப் பங்கு கடினம் பெருக்கல் தூரத்தின் வர்க்கம், அதாவது 49 ஜூல். இப்போது 40 மி.மீ. இறக்குகிறீர்கள், மீதி 30 மி.மீ. ஸ்பிரிங் 40 சதவீதம் கடினமாகி 28 நியூட்டன் என்று வைத்துக்கொண்டாலும் அது வாங்குவது 12.6 ஜூல்தான், பழையதில் கால் பங்கு. மீதி எல்லாம் பம்ப் ஸ்டாப்புக்கு, அங்கிருந்து ஸ்ட்ரட் மவுண்டுக்கு (முன் ஷாக்கின் மேல் முனை பாடியில் மாட்டும் இடம்), அங்கிருந்து பாடிக்கு. "சரி, இன்னும் கடினமான ஸ்பிரிங் போடலாமே" என்றால், 30 மி.மீ.க்குள் அதே 49 ஜூலை வாங்க 109 நியூட்டன் ஸ்பிரிங் வேண்டும், பழையதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அதைப் போட்டுக்கொண்டு அவிநாசி ரோட்டில் போக முடியாது.

இதையே 25 மி.மீ. இறக்கி, 26 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால்? மீதி இடம் 45 மி.மீ., வாங்கும் சக்தி 26 ஜூல், பாதிக்குச் சற்று மேல். 40-க்கும் 25-க்கும் பார்வைக்கு ஒன்றரை விரல்கூட வித்தியாசம் இல்லை, ஆனால் பள்ளத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம்.

ஷாக் விஷயத்திலும் எண் இருக்கிறது. ஸ்பிரிங் 40 சதவீதம் கடினமானால் அதே அளவு அடக்கத்துக்கு டேம்பிங் (ஷாக்கின் அடக்கும் திறன்) சுமார் 18 சதவீதம் கூட வேண்டும், 30 சதவீதம் என்றால் 14. புது ஒரிஜினல் ஷாக்கே அவ்வளவு குறைவாக இருக்கும், பழையது எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவை_ஜிடி
கணக்கு சார், கால் பங்கு என்பதைப் படித்துக் கொஞ்சம் அதிர்ச்சியாகிவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம். ஷாக்கையும் புதிதாகவே வாங்குகிறேன் என்றால் ஒரிஜினல் அளவு ஷாக் போதாதா? பட்டியலில் பில்ஸ்டீன் கம்பெனி ஷாக்கே பி4, பி6, பி8, பி12, பி14 என்று போய்க்கொண்டே இருக்கிறது, எதற்கு எது என்று புரியவில்லை.

கணக்கு_நோட்டு
அந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். பி4 என்பது ஒரிஜினலுக்கு மாற்று. பி6 அதே நீளம், ஆனால் டேம்பிங் அதிகம், ஒரிஜினல் ஸ்பிரிங்குடன் போடலாம். பி8 லோயரிங் ஸ்பிரிங்குக்கு என்றே நீளம் குறைத்தது. பி12 என்றால் பி8 வகை ஷாக்கும் அதற்குப் பொருந்தும் ஸ்பிரிங்கும் ஒரே பெட்டியில், பெரும்பாலும் ஐபாக் கம்பெனி ஸ்பிரிங். பி14 உயரம் மட்டும் மாற்றக்கூடிய காயிலோவர், பி16-ல் டேம்பிங்கும் மாற்றலாம். கேடபிள்யூ கம்பெனி காயிலோவரில் வேரியன்ட் 1 உயரம் மட்டும், 2-ல் ரீபவுண்டும் (ஷாக் திரும்ப எழும்போது அடக்குவது), 3-ல் ரீபவுண்ட், கம்ப்ரெஷன் (அமுங்கும்போது அடக்குவது) இரண்டும். கோனி கம்பெனியின் மஞ்சள் ஷாக்கில் ரீபவுண்டைத் திருகலாம்.

நீளம் ஏன் குறைய வேண்டும் என்றால், என் எடுத்துக்காட்டில் 300 கிலோவுக்குப் பழைய ஸ்பிரிங் 147 மி.மீ. அமுங்கி நிற்கும், 28 நியூட்டன் ஸ்பிரிங் 105 மி.மீ. மட்டும். ஒரிஜினல் ஷாக்கில் சக்கரம் கீழே தொங்க 80 மி.மீ. இடம் இருந்தால், 40 இறக்கிய பிறகு அது 120 ஆகிவிடும். 105-தான் அமுங்கியிருக்கிறது, 120 தொங்குகிறது, அப்போது 15 மி.மீ. ஸ்பிரிங் லூசாக ஆடும். ஓமலூரில் நடந்தது அதுதான். குட்டையான ஷாக் அந்தத் தொங்கலைக் குறைத்து ஸ்பிரிங்கை எப்போதும் இறுக்கத்தில் வைக்கும்.

மலைப்பாதை
நான் வேறு கோணத்தில் சொல்கிறேன். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், வருடத்தில் இருபது தடவையாவது ஏறி இறங்குகிறேன். என் போலோவில் ஒரிஜினல் ஸ்பிரிங், நல்ல மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக், பின்னால் பீமில் போல்ட் செய்கிற ஆன்டி ரோல் பார் (சாய்வைக் குறைக்கும் கம்பி). ஒரு மி.மீ.கூட இறக்கவில்லை. சாய்வது பாதியாகக் குறைந்த மாதிரி உணர்வு, முன்பக்கம் நேராக இழுத்துக்கொண்டு போவதும் குறைந்தது.

இறக்கிய நண்பர் வண்டியிலும் அதே ரோட்டில் போயிருக்கிறேன். வளைவின் நடுவில் ஒரு சின்னக் குழி வந்தால் முன்பக்கம் பம்ப் ஸ்டாப்பில் உட்காருகிறது. உட்கார்ந்த அந்த நொடியில் அந்தச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே இல்லாத மாதிரி, டயர் பிடி விட்டு வண்டி வெளிப்பக்கம் நழுவுகிறது. வெளிப்பக்கம் என்ன இருக்கிறது என்று அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். உங்களுக்குச் சாய்வதுதான் பிரச்சினை என்றால் இறக்கவே தேவையில்லை. இடைவெளிதான் பிரச்சினை என்றால் அதை அப்படியே ஒப்புக்கொண்டு குறைவாக இறக்குங்கள்.

திருப்பூர்_50
எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், மறுபக்கமும் வரட்டும். நான் காயிலோவரில் 50 மி.மீ. இறக்கி மூன்று வருடமாக ஓட்டுகிறேன். ஆனால் அது என் இரண்டாவது வண்டி, குடும்பத்துக்கு வேறு வண்டி இருக்கிறது, எந்தத் தெருவில் எந்த வேகத்தடை என்று மனப்பாடம். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்காக மற்ற நாளில் முதுகு வலியைப் பொறுத்துக்கொள்கிறேன்.

காயிலோவர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சிலவற்றில் உயரம் குறைக்க ஸ்பிரிங் உட்காரும் தட்டைத்தான் கீழே திருக வேண்டும், அதில் எவ்வளவு இறக்குகிறீர்களோ அவ்வளவு பம்ப் இடம் போய்விடும். இன்னொரு வகையில் ஷாக்கின் அடிப்பகுதியே தனியாகத் திருகும், அதில் உயரம் குறைந்தாலும் ஷாக்கின் உள் நகர்வு அப்படியே இருக்கும். 40-க்கு மேல் இறக்கப் போகிறவர்கள் இரண்டாவது வகையைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். பின்பக்கம் போலோ, ஸ்விஃப்ட் மாதிரி பீம் வண்டிகளில் ஸ்பிரிங் தனியாக இருப்பதால் அங்கே உயரம் மாற்றத் தனித் திருகுதட்டுதான்.

இன்னொன்று, நான் முதலில் வாங்கியது மலிவான செட். ஒரே மழைக்காலத்தில் திருகுப் பகுதி துருப்பிடித்து இறுகிவிட்டது, வலது முன்பக்கம் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. ரீபில்ட் செய்ய பாகம் எங்கும் கிடைக்கவில்லை. இப்போதிருப்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவி, பிரஷ் போட்டு, மெழுகு பூசுகிறேன். அந்த வேலைக்கு நேரம் இல்லாதவர்களுக்குக் காயிலோவர் வேண்டாம்.

கோவை_ஜிடி
எனக்கு ஒரே வண்டிதான், அப்பா அம்மாவும் அதில்தான் வருவார்கள். அப்போ காயிலோவர் வேண்டாம் என்று தோன்றுகிறது. வேகத்தடையில் 25 மி.மீ. இறக்கினால் தட்டுமா? போலோவுக்கு 168 மி.மீ. கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவே உள்ள இடம்) என்று போட்டிருக்கிறார்கள்.

கணக்கு_நோட்டு
விதிப்படி கட்டிய வேகத்தடை என்றால் தட்டவே தட்டாது. இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் அளவு: வளைவின் ஆரம் 17 மீட்டர், அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ. போலோவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் 2.47 மீட்டர். இரண்டு சக்கரமும் அந்த மேட்டின் மேல் நிற்கும்போது நடுவில் மேடு எழும்புவது 45 மி.மீ. மட்டும்தான். 40 இறக்கினால்கூட தாராளமாகத் தாண்டும்.

பிரச்சினை அந்த அளவில் கட்டாததால். ஒரு மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்குத் தாரைக் குவித்து வைத்தால் மொத்த 150 மி.மீ.யும் சக்கரங்களுக்கு நடுவில் வந்துவிடும். 168-ல் வெறும் வண்டி தப்பிக்கும். 300 கிலோவுக்கு ஆட்களும் சாமானும் ஏறினால், மேலே சொன்ன 20 நியூட்டன் கணக்கில் வண்டி சராசரியாக 37 மி.மீ. இறங்கும், அப்போது இறக்காத வண்டியே தட்டும். நீங்கள் தினமும் போகிற வழியில் அந்த மாதிரி எத்தனை என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். சம்ப் கார்டு (இன்ஜின் அடியில் மாட்டும் காப்புத் தகடு) போட்டிருந்தால் அதன் அளவையும் கழித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு ஸ்பிரிங் பெட்டியில் "30 மி.மீ." என்று போட்டிருந்தால் அது அந்த நாட்டு வண்டியின் உயரத்திலிருந்து கணக்கு. நமக்கு வந்த போலோ கொஞ்சம் தூக்கி விடப்பட்டது, அதனால் இங்கே அதைவிட அதிகமாக இறங்கலாம். பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பி ஆர்டர் போடாமல், இதே வண்டியில் மாட்டியவர்கள் அளந்த எண்ணைக் கேளுங்கள்.

பட்டறை_20வருஷம்
மாட்டும்போது செய்கிற தவறுகளைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் புகார் அங்கிருந்துதான் வருகிறது.

லோயர் ஆர்ம் புஷ், பின் பீம் புஷ் இரண்டின் போல்ட்டையும் வண்டி லிஃப்டில் தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று எடை விழுந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். இறக்கிய வண்டியில் இது இன்னும் மோசம். போக்ஸ்வாகனில் சஸ்பென்ஷன் போல்ட் நிறைய ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற வகை, சொன்ன டார்க் (இறுக்கும் விசை) வைத்து அதற்கு மேல் கோணமும் திருப்ப வேண்டும், அதைப் புதிதாக வாங்கிப் போடுங்கள். ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், லிங்க் ராட் மூன்றையும் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள், இன்னொரு தடவை கழற்றுகிற கூலியை யோசித்தால் அந்தப் பாகங்களின் விலை பெரிதில்லை. பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லிக் குறிப்பில் இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டுங்கள், சொல்லாவிட்டால் தொடாதீர்கள். இடம் கிடைக்கட்டும் என்று மொத்தமாகக் கழற்றி எறிந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன், ஷாக்கின் உள்ளே இரும்பும் இரும்பும் இடித்து வால்வு போயிருக்கும்.

முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) கொஞ்சம் நெகட்டிவ் ஆவதைவிட டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) மாறுவதுதான் டயரைத் தின்னும்.

மலைப்பாதை
ரோல் சென்டரைப் பற்றி (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) யாரும் சொல்லவில்லையே. போலோ மாதிரி மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (முன்னால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு) வண்டியை இறக்கும்போது லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி, சக்கரப் பக்கம் மேலே ஏறிய மாதிரி சாய்ந்துவிடும். வண்டியின் எடை மையம் 40 மி.மீ. இறங்கினால் ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கும், இரண்டுக்கும் நடுவிலான தூரம் கூடும், அதாவது சாய்க்கும் நெம்புகோல் நீளும். கடினமான ஸ்பிரிங் அதை மறைக்கிறது, அவ்வளவுதான். டை ராட் (ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) கோணமும் மாறுவதால் மேட்டில் ஏறும்போது ஸ்டீரிங் தானாக இழுப்பது போல் இருக்கும். இதைச் சரி செய்ய நீளமான பால் ஜாயிண்ட் வரும், எல்லா வண்டிக்கும் கிடைப்பதில்லை. ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டாத அளவுக்கு மட்டும் இறக்குவதுதான் செலவில்லாத வழி.

சேலம்_ஸ்விஃப்ட்
சட்ட விஷயமும் இருக்கிறது ப்ரோ. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வரலாம். ஷாக்கை அதே உயரத்துக்கு மாற்றுவது ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உயரத்தை மாற்றுவது வேறு. ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் முன்னாலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோவை_ஜிடி
எல்லோருக்கும் நன்றி. வழியில் வேகத்தடைகளை எண்ணினேன், 23. அதில் 6 செங்குத்தானவை. 40 என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். 17 இஞ்ச் வீலும் மனதில் இருந்தது, அதையும் தள்ளி வைத்துவிட்டேன், 185/60 டயரில் பக்கச்சுவர் 111 மி.மீ., 205/40 போட்டால் 82. இருக்கிற குஷனில் இன்னும் 29 மி.மீ. அங்கே போகும். குட்டை ஷாக்கும் அதற்கான ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்டாக, இதே வண்டியில் மாட்டிய ஒருவர் சுமார் 25 மி.மீ. இறங்கியதாக அளந்து சொன்னதை ஆர்டர் செய்கிறேன். ஆர்டிஓ, இன்சூரன்ஸ் இரண்டு இடத்திலும் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகுதான் மாட்டுவேன். பட்ஜெட் தாண்டுகிறது, இரண்டு மாதம் பொறுத்து வாங்குகிறேன்.

கோவை_ஜிடி
மூன்று மாதம் ஆகிவிட்டது, மாட்டி 1,800 கி.மீ. ஓட்டியும் விட்டேன். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை முன்னும் பின்னும் அளந்தேன்: முன்பக்கம் 28 மி.மீ. இறங்கியிருக்கிறது, பின்பக்கம் 22. முன்பக்கம் முதல் வாரத்தில் 24-தான் இருந்தது, ஸ்பிரிங் படிந்து மேலும் 4 இறங்கியது. பழைய ஷாக்கைக் கழற்றி வெளியே வைத்துக் கையால் அமுக்கினேன், முன் இடது பக்கம் உள்ளே போனது வெளியே வரவே இல்லை. அதோடுதான் இத்தனை நாள் வால்பாறை ஏறியிருக்கிறேன்.

ஓட்டுவதில் முதலில் தெரிந்தது சாய்வு குறைந்தது இல்லை, ரோட்டில் ஒரு மேடு தாண்டியதும் வண்டி ஒரே ஆட்டத்தில் நின்றுவிடுவதுதான். சின்னக் கற்கள், சாலை ஒட்டுகள் முன்பைவிடத் தெரிகின்றன, அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து "கொஞ்சம் கட்டையாக இருக்கிறது" என்றார், அப்பா ஒன்றும் சொல்லவில்லை. 23-ல் இரண்டு வேகத்தடையில் மட்டும் சாய்வாக எடுக்க வேண்டியிருக்கிறது, ஆள் நிறைய இருந்தால் நான்கில். அலைன்மென்டில் டோ வெளிப்பக்கம் போயிருந்தது, சரி செய்தாகிவிட்டது.

பட்டறை_20வருஷம்
சந்தோஷம் தம்பி. ஸ்பிரிங் படிவதற்கு முன்னால் அலைன்மென்ட் செய்தீர்களா, பின்னாலா? முன்னால் என்றால் ஒருமுறை மறுபடி பாருங்கள், அந்த 4 மி.மீ. டோவைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கும். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காததால் ஹெட்லைட் நோக்கும் மாறியிருக்கும். சுவரில் அடித்துச் சரி பாருங்கள்.

கோவை_ஜிடி
முன்னால்தான் செய்தேன் அண்ணா. சனிக்கிழமை மறுபடி கொண்டு போகிறேன். ஹெட்லைட் சுவரில் பார்த்தேன், முன்பு போட்ட கோட்டுக்கு ஒரு விரல் கீழே அடிக்கிறது, அதையும் அன்றைக்கே திருகிவிடுகிறேன். பழைய ஸ்பிரிங் நான்கையும் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன்.